ஈரம் தென்படவில்லை

பழைய வீடு வாங்க ஆசைப்படுகிறவர்கள் நேராகப் போய் வீட்டைப் பார்த்துவிடுகிறார்கள். தப்பு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வீட்டைப் பார்ப்பதற்கென்றே ஊரில் ஒரு கழகம் இருக்கிறது. கட்டட நோக்கர் கழகம் என்று பெயர். பார்ப்பது என்ற சொல் அங்கே புழக்கத்தில் இல்லை. அது நீங்களும் நானும் கண்ணிருக்கிற தைரியத்தில் செய்கிற காரியம். கழகத்து உறுப்பினர்கள் பார்ப்பதில்லை, நோக்குவார்கள்.

வீடு தேடிக்கொண்டிருந்த ஒரு பஸ் டிரைவருக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது அக்காவின் மூச்சு. மெத்தைப் பட்டறையில் பஞ்சு அடித்து அடித்தே தம்பியை ஆளாக்கியவள் அக்கா. பஞ்சு அவளுடைய நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. தம்பி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்காவும் செய்துகொள்ளவில்லை. யாருக்காக யார் நின்றுபோனார்கள் என்று இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சி மாடியில் குடியிருந்தார்கள். அக்கா கடைசியாகப் படி இறங்கியது எப்போது என்பது அவளுக்கே மறந்துவிட்டது.

"தரைத்தளமாப் பாருங்க. காஞ்ச ரூமா இருக்கணும். சுவர்ல ஈரம் இருந்தா மட்டும் இவங்களுக்கு ஆகவே ஆகாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

டிரைவர் தேடித் தேடி ஒரு வீட்டைப் பிடித்தார். சின்ன வீடு, பழைய வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, பின்னால் சமையலறை. வாசற்கதவைத் திறந்தால் நேராகத் தெரு. அக்கா யார் தோளையும் பிடிக்காமல், தன் காலால் நடந்து தெருவுக்கு வரலாம். ஈரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மோந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள். டிரைவருக்கு அதில்தான் சிக்கல். வாழ்நாள் முழுக்க டீசல் புகையைக் குடித்ததில் அவருடைய மூக்கு முகத்துக்கு அழகாக இருந்ததே தவிர, வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

அதனால் கழகத்துக்குப் போனார்.

முன்கூடத்தில் 'தேர்வு ஆலோசகர்' என்று பலகை வைத்த மேசை. அதன் பின்னால் சலவைச் சட்டை போட்ட ஒருவர்.

"சார், ஒரு பழைய வீடு வாங்கலாம்னு இருக்கேன். என் அக்கா படுக்கப்போற ரூம்ல சுவர் ஈரமா இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொன்னீங்கன்னா போதும்."

"கேள்விக்கு இங்க பதில் சொல்றதில்லைங்க. நோக்குதான் செய்வோம். மூணு வகை இருக்கு. எது வேணும்னு நீங்கதான் தேர்ந்தெடுக்கணும்."

"எது சரிப்படும்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"அப்படிச் சொன்னா ஆலோசனை ஆயிடும்."

டிரைவர் மேசைமேல் இருந்த பலகையை இன்னொரு தரம் படித்தார். ஆலோசகர் என்றுதான் எழுதியிருந்தது.

மூன்று வகைகளையும் ஆலோசகர் விளக்கினார். எட்ட நோக்கு என்றால் நோக்கர் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று வீட்டை நோக்குவார். கிட்ட நோக்கு என்றால் வீட்டுக்குள் வருவார், ஆனால் எதையும் தொட மாட்டார். மூன்றாவது உள்நோக்கு. தொடுவார், கருவி வைப்பார், தடிமனான அறிக்கை தருவார்.

"அப்ப அந்த உள்நோக்கமே குடுத்துடுங்க சார்."

ஆலோசகரின் முகம் சுண்டிவிட்டது. "உள்நோக்கு. உள்நோக்கம் எங்களுக்கு எப்பவும் கிடையாது."

"அதான் சார், அந்த உள்நோக்கு."

"அது பழைய வீடுங்களுக்கு மட்டும்தான்."

"இது பழைய வீடுதானே."

"பழசுன்னு யார் சொன்னா?"

"பார்த்தாலே தெரியுது சார்."

"நீங்க பார்த்தது கணக்குல வராது. வீடு பழசுன்னு தெரியணும்னா கிட்ட நோக்கு எடுக்கணும். அங்க ஒரு வீடு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் கிட்ட நோக்கு எடுக்க முடியும். அதுக்கு எட்ட நோக்கு."

இப்படியாக, சரியான ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போன டிரைவர் மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டுத் திரும்பினார். கழகத்துக்கு வருகிறவர்கள் எல்லாருமே நன்றாக யோசித்துக் கடைசியில் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள் என்று ஆலோசகர் பாராட்டி அனுப்பினார்.

எட்ட நோக்கர் வந்தார். எதிர் நடைபாதையில் நின்றார். நடுவில் ஒரு லாரி வந்து நின்றது. லாரி போகும்வரை காத்திருக்க விதியில் இடமில்லையாம். 'நோக்கிய பொழுதில் வீட்டின் மேற்பகுதி தென்பட்டது. கீழ்ப்பகுதி இருப்பதாகக் கருத இடமுண்டு' என்று அவருடைய அறிக்கை சொன்னது. அடுத்து கிட்ட நோக்கர். எதையும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக இரண்டு கைகளையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டே வீடு முழுவதும் சுற்றினார். மூடியிருந்த கதவுகளை டிரைவர் திறந்துவிட்டார். தான் வாய்விட்டுக் கேட்டால் அது தொட்டதற்குச் சமம் என்பதால், ஒவ்வொரு கதவின் முன்பும் டிரைவருக்குத் தானாகவே தோன்றும்வரை பேசாமல் நின்றார். வீடு பழையது என்று முடிவாயிற்று.

கடைசியாக உள்நோக்கர் வந்தார். பெட்டி, ஏணி, ஈரச் சுவரில் வைத்தால் முள் ஆடுகிற ஒரு கருவி என்று எல்லாம் கொண்டுவந்தார். மனிதர் மரியாதையானவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். படுக்கையறையின் ஒரு சுவரில் கருவியை வைத்தார். முள் அசையவில்லை. அடுத்த சுவர், அதற்கடுத்த சுவர், எதிலும் அசையவில்லை. டிரைவருக்கு மனசு குளிர்ந்தது. நான்காவது சுவரை முழுக்க மறைத்துக்கொண்டு ஒரு பெரிய அலமாரி நின்றது. வீட்டை விற்கிறவருடையது, உள்ளே முழுக்கக் கண்ணாடிச் சாமான்.

"இதைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாமா சார்?"

"நாங்க எதையும் நகர்த்தக் கூடாதுங்க."

"நான் நகர்த்துறேன்."

"நீங்க நகர்த்தினா நான் அந்தப் பக்கம் திரும்பிக்கணும். வாடிக்கையாளர் காட்டுறதைப் பார்த்தா அதுக்குப் பேர் நோக்கு இல்ல. வேடிக்கை."

வாசலில் நின்ற தரகரும் குரல் கொடுத்தார். "ஐயா, கையை வச்சிடாதீங்க. ஒரு தட்டு உடைஞ்சாலும் என் தலைதான் உருளும்."

அப்போது உள்நோக்கர் தும்மினார். தும்மல் அடுக்கடுக்காக வந்தது. கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏன் சார், ஏதாவது வாசம் வருதா? எனக்கு மூக்கு வேலை செய்யாது, அதனாலதான் கேக்கறேன்."

உள்நோக்கர் கைக்குட்டையை விலக்காமலே பதில் சொன்னார். "மூக்கு கழகம் ஏத்துக்கிட்ட கருவி இல்லைங்க. அதுக்குத் தரச் சான்று கிடையாது."

"உங்களுக்குன்னு தனியா..."

"தனியா வர்றப்ப வேணா மோந்து பார்க்கிறேன். இப்ப வேலையா வந்திருக்கேன்."

அறிக்கை வந்தது. கெட்டி அட்டை, பொன்னிற எழுத்து. டிரைவர் அதை மாடிக்குக் கொண்டுபோய் அக்காவின் கட்டிலருகில் உட்கார்ந்து, நடுவில் இருந்த ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். 'படுக்கையறையின் நோக்கத்தக்க பரப்புகளில் ஈரம் தென்படவில்லை.'

"தென்படலன்னா என்னடா?" என்றாள் அக்கா.

"இல்லைன்னு அர்த்தம்."

"அப்ப இல்லைன்னே எழுதியிருக்கலாமே."

"படிச்சவங்கக்கா. அவங்க எழுத்து அப்படித்தான் இருக்கும்."

அக்கா அந்த வரியின்மேல் விரலை வைத்துத் தானும் ஒருமுறை படித்தாள். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "சரிடா, நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்றாள். இதைவிடப் பெரிய தண்டனையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட முடியாது. ஆனால் அன்றைக்கு அது இருவருக்குமே இனித்தது.

குடிபோன அன்று டிப்போவிலிருந்து நண்பர்கள் வந்து அக்காவை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்கினார்கள். தெருவில் இறக்கியதும் அவள் எழுந்து நின்று தரையைக் காலால் தட்டிப் பார்த்தாள். எல்லாரும் சிரித்தார்கள். புது வீட்டு வாசலில் தன் காலால் ஏறினாள். படுக்கையறை நிலைப்படியில் நின்றவள் உள்ளே போகாமல் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லடா. ரொம்ப நல்லா இருக்கு."

விற்றவர் அலமாரியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். அது நின்ற இடத்தில், அதே உயரத்துக்கு, அதே அகலத்துக்குச் சுவர் கறுத்திருந்தது. டிரைவர் உடனே கழகத்துக்குப் போன் போட்டார்.

"கறைன்னா அது கடந்த காலம்ங்க. ஈரம்னா நிகழ்காலம். எங்க அறிக்கை நிகழ்காலத்தைப் பத்தினது. அதுல ஈரம் தென்படல" என்று ஆலோசகர் பொறுமையாக இலக்கணம் சொன்னார்.

டிரைவர் சுவரைச் சுரண்டினார், தேய்த்தார், வெள்ளை அடித்தார். சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது. "வாசம் ஏதாவது வருதாக்கா?" என்று கேட்டார். "பெயிண்ட் வாசம்தான், போயிடும்" என்றாள். கூடத்தில் வேண்டுமானால் படுத்துக்கொள் என்றார். "எனக்குன்னு ஒரு ரூம் வாங்கிக் குடுத்துட்டு இப்பக் கூடத்துல படுக்கச் சொல்றியா?" என்று கேலி பேசினாள். அவரும் சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்.

மழைக்காலம் வந்தது. இருமல் முதலில் ராத்திரியைப் பிடித்துக்கொண்டது, பிறகு பகலையும் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது அதைத்தான். "புது வீட்ல ஈரம் இருக்கா?"

"இல்ல சார். அறிக்கையே இருக்கு" என்று டிரைவர் கெட்டி அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் படித்துப் பார்த்தார். அவரும் படித்தவர். ஈரத்தை விட்டுவிட்டு வேறு காரணத்தைத் தேடத் தொடங்கினார். மழை ஓய்வதற்குள் அக்கா போய்விட்டாள்.

வீட்டைக் காலி செய்துகொண்டு போக டிரைவருக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் கூட்டுவதற்காக அக்காவின் கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தபோது, வெள்ளைக்கு அடியிலிருந்து அதே கறுப்பு, கட்டிலின் உயரத்துக்கு எழுந்து வந்திருந்தது. கை வைத்துப் பார்த்தார், நனைந்தது. அந்தக் கையோடு கழகத்துக்குக் கிளம்பினார்.

கழகத்தில் குறைகேட்பு மன்றம் என்று ஒன்று உண்டு; மனு எழுதி வாங்கிக்கொண்டு, பிறகொரு நாள் அவரைக் கூப்பிட்டார்கள். அதற்குப் போகிற தாழ்வாரத்தில் பழைய உறுப்பினர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. அதில் ஒன்றை மட்டும் முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி திருப்பி மாட்டியிருந்தார்கள். ஒரு காலத்தில் தன் அறிக்கையில் 'இந்த வீட்டை வாங்காதீர்கள்' என்று எழுதிவிட்டவராம் அவர். வீடு அவர் சொன்னபடியே இடிந்து விழுந்தது. கழகத்துக்கு அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை என்று காவலாளி தாழ்ந்த குரலில் சொன்னார்.

மன்றத்தில் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். உள்நோக்கர் ஓரமாகத் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்? நஷ்ட ஈடா?" என்று தலைவர் கேட்டார்.

"ஒண்ணும் வேணாம் சார். அந்த வரியை மட்டும் மாத்திக் குடுங்க. ஈரம் இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க. அது போதும்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சு வரப்போகிறது என்று எல்லாருக்கும் புரிந்தது.

"ஐயா, உங்க துக்கத்துல நாங்களும் பங்கெடுத்துக்கிறோம். ஆனா ஒண்ணு யோசிங்க. எங்க உறுப்பினர் ஈரம் இல்லைன்னு எழுதினாரா? தென்படலன்னு எழுதினார். அது உண்மை. அலமாரிக்குப் பின்னால இருக்கிறது யாருக்குத் தென்படும்? இல்லைங்கிற வார்த்தையை எங்க உறுப்பினர்கள் யாரும் எழுதக் கூடாது. இருக்குங்கிற வார்த்தையையும் எழுதக் கூடாது. இந்த ரெண்டையும் விட்டுட்டுத்தான் இத்தனை காலமா இவ்வளவு பெரிய அறிக்கைகளை எழுதிக்கிட்டு வர்றோம். அது லேசான காரியம்னு நினைச்சீங்களா? எங்க உறுப்பினர் ஒருத்தராவது தப்பாச் சொன்னார்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிச்சதில்ல. ஏன்னா நாங்க எதையும் சொன்னதில்ல. மக்கள் எங்களை நம்புறாங்க. அந்த நம்பிக்கைக்குப் பங்கம் வந்துடக் கூடாதுன்னுதான் எதையும் உறுதியாச் சொல்றதில்ல."

டிரைவர் உள்நோக்கர் பக்கம் திரும்பினார். "சார், அன்னைக்கு அத்தனை தும்மல் தும்மினீங்களே. உங்க மூக்குக்குத் தெரிஞ்சுதா?"

உள்நோக்கர் வாயைத் திறந்தார். தலைவர் முந்திக்கொண்டார். "உறுப்பினரோட மூக்கு இந்த மன்றத்தோட வரம்புக்குள்ள வராது."

உள்நோக்கர் வாயை மூடிக்கொண்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அதற்கும் வரம்பு இருந்திருக்க வேண்டும், துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொண்ணு, அந்த வீட்ல குடியிருந்தவங்களே சந்தோஷமா இருந்தாங்கன்னு எங்களுக்குத் தகவல். அதுக்குச் சாட்சி கூப்பிட்டிருக்கோம்" என்றார் தலைவர்.

உள்ளே வந்தது எதிர்வீட்டு டெய்லர் அம்மா. நாள் முழுக்க ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்திருப்பவர். டிரைவரைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, அந்த வீட்ல இருந்தவங்களை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"தினமும் பார்ப்பேன். வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாங்க. காலையில தம்பி வேலைக்குப் போனதும் வருவாங்க, சாயங்காலம் வரைக்கும் அங்கேயேதான். சாப்பாடும் அங்கேயேதான்."

"பாருங்க. தெருவையும் மனுஷங்களையும் ஆசை தீரப் பார்த்திருக்காங்க. சந்தோஷமான வாழ்க்கை" என்று தலைவர் மற்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அப்படி இல்லைங்க" என்றார் டெய்லர் அம்மா. "உள்ள இருந்தா மூச்சு முட்டுதுன்னு சொல்வாங்க. சுவர்லேருந்து ஈர வாசம் வருதாம். வந்த முதல் நாளே தெரிஞ்சுபோச்சாம். மழையிலகூடக் குடையைப் பிடிச்சுக்கிட்டு வெளியதான் உட்கார்ந்திருப்பாங்க. தம்பிகிட்ட சொல்லுங்களேன்னு நான் கேட்டேன். ஆசைப்பட்டு வாங்கியிருக்கான், அவன் மனசு தாங்காது, நீங்களும் சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

டிரைவர் நாற்காலியின் கையைப் பிடித்தார். பிடித்த பிறகும் உட்கார முடியவில்லை.

முதலில் தெளிந்தவர் தலைவர்தான். அவருடைய முகம் விளக்குப் போட்டாற்போல் ஆகிவிட்டது.

"அப்படின்னா குடியிருந்தவங்களுக்கு ஈரம் தெரிஞ்சிருக்கு. எங்க விதிப்படி அவங்க அறிந்த குடியிருப்பாளர். அறிந்த குடியிருப்பாளரை யாரும் ஏமாத்த முடியாது. ஆகவே இதுல யாரும் ஏமாத்தப்படல. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். ஆழ்ந்த இரங்கலும் அதே தாளில், அதே வரிசையில் பதிவாயிற்று. எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார்கள். பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள்.

டிரைவர் கழகத்துப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். டெய்லர் அம்மா பின்னாலேயே வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்குங்க தம்பி. அவங்க போனப்புறமாவது உங்ககிட்ட சொல்லியிருக்கணும். வாய் வரல."

"எனக்குத் தெரியவே இல்லீங்களே. ஒரு நாள்கூட அவளை நான் வெளியில பார்க்கலியே. வந்து கதவைத் தட்டினா உள்ளேயிருந்து வந்துதானே திறப்பா."

டெய்லர் அம்மா கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். சொல்லாமல் விட அவரால் முடியவில்லை.

"உங்களைத் தெருமுனையில பார்த்ததும் எந்திரிச்சுடுவாங்க தம்பி. நாற்காலியை உள்ள இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்திக்குவாங்க. மெதுவாப் போங்கக்கான்னு நான் ஜன்னல்லேருந்து கத்துவேன். கேக்க மாட்டாங்க. அவன் வரும்போது நான் வீட்டுக்குள்ள இருக்கணும்னு சொல்லிக்கிட்டே ஓடுவாங்க."

"ஓடுவாளா?"

"ஓடத்தான் செய்வாங்க."

நாலு எட்டு நடந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள் அவள். டிரைவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, வருகிறவர் போகிறவர் பார்க்க, வாய்விட்டு அழுதார். கழகத்துக் காவலாளி வந்து, படிக்கட்டில் யாரும் உட்காரக் கூடாது என்று சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.